முயற்குட்டி காத்த நிலம்

பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையாரின் வாழ்வும் பணியும்

இந்நாட்டில் வாழும் எம் சிறார்களுள் பீற்றர் என்னும் முயற்குட்டியை அறியாதார் இலர். நீலநிற மேற்சட்டை அணிந்து, தாய் சொல்லைத் தட்டி, மக்கிரெகர் என்பாரின் தோட்டத்தினுள் நுழைந்து, அகப்படாமல் உயிர் தப்பி ஓடிவரும் அம்முயலைக் கிண்ணத்திலும் தட்டிலும் தலையணை உறையிலும் நாம் காண்கின்றோம். 2016 ஆம் ஆண்டில் அரச நாணயசாலை வெளியிட்ட ஐம்பது பென்ஸ் நாணயத்திலும் அது இடம்பெற்றது. அந்நாணயத்தைச் செலவழிக்க மனமின்றி உண்டியலில் பொத்தி வைத்த பிள்ளைகள் எம் வீடுகளிலும் உளர். ஆயினும், அம்முயலைப் படைத்த அம்மையார் அதன் படங்களை விற்று ஓர் ஏரிக்கரையைக் காத்தார் என்பதையும், தாம் ஈட்டிய பொருளை ஒரு மலைநாட்டின் பழமையைப் பேணுவதற்கே வழங்கினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை எம் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பியற்றிக்ஸ் பொற்றர் 1866 ஆம் ஆண்டு யூலை மாதம் 28 ஆம் நாள் இலண்டன் மாநகரின் கென்சிங்ரன் பகுதியிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் லங்காஷயர் பருத்தித் தொழிலாற் செல்வம் பெற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தந்தையார் றூப்பேட் பொற்றர் சட்டம் பயின்றவர். ஒளிப்படக் கலையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். அக்காலச் செல்வர் வீட்டுப் பெண் பிள்ளைகள் பலரைப் போலவே பியற்றிக்ஸும் பாடசாலைக்கு அனுப்பப்படவில்லை. வீட்டுக்கு வந்து கற்பித்த ஆசிரியைகளிடமே அவர் பாடங்கேட்டார். ஆறு ஆண்டுகள் இளையவரான தம்பியைத் தவிர விளையாட்டுத் தோழர் எவரும் அவருக்கு இல்லை. முயல், எலி, முள்ளெலி, தவளை, வௌவால் ஆகியவற்றை அவ்விருவரும் வளர்த்தனர். அவற்றை உற்று நோக்கி வரைந்தனர். ஏறத்தாழப் பதினைந்து வயது முதல் முப்பது வயது வரை, தாமே அமைத்துக்கொண்ட மறை எழுத்தில் அவர் நாட்குறிப்பு எழுதி வந்தார். அவ்வெழுத்தின் பொருளை அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின், 1958 ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்தார்.

கோடை விடுமுறைதோறும் அக்குடும்பம் நகரை விட்டு வெளியேறி நாட்டுப்புறத்தில் வீடெடுத்துத் தங்குவது வழக்கம். முதலில் ஸ்கொத்லாந்துக்குச் சென்று வந்தவர்கள், 1882 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரி மாவட்டத்துக்குச் சென்றனர். மலைகளும் ஏரிகளும் கற்சுவர்களும் சிறு பண்ணைகளும் நிறைந்த அந்நிலம் பதினாறு வயதுப் பெண்ணின் நெஞ்சிற் பதிந்தது. வின்டமியர் ஏரிக்கரையில் அவர்கள் தங்கிய வேளையில், அவ்வூர்த் தேவாலயத்தின் போதகராக விளங்கிய ரோன்ஸ்லி என்பவர் அக்குடும்பத்தின் நண்பரானார். பழமை வாய்ந்த பாதைகளும் கரைகளும் கட்டடங்களும் பணத்தாசைக்கு இரையாகி அழிவது கண்டு வருந்தியவர் அவர். 1895 ஆம் ஆண்டில் ஒக்ரேவியா ஹில், றொபேட் ஹன்ரர் ஆகிய இருவருடன் இணைந்து நஷனல் ட்ரஸ்ட் என்னும் அறக்கட்டளையை அவர் நிறுவினார். அழகும் வரலாறும் உடைய இடங்களை மக்களின் பொருட்டு வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும் என்றென்றைக்கும் காத்து நிற்பதே அவ்வறக்கட்டளையின் பணியாகும். பியற்றிக்ஸின் தந்தையார் அதில் ஆயுட்கால உறுப்பினராகச் சேர்ந்தார். மகளின் உள்ளத்திலும் அவ்வெண்ணம் விதையாக விழுந்தது.

1893 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4 ஆம் நாள், தமக்கு முன்னர் கற்பித்த ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோய்வாய்ப்பட்டுக் கிடப்பதை அறிந்து, அவனுக்கு ஆறுதலாக ஒரு கடிதம் எழுதினார் பியற்றிக்ஸ். எழுதுவதற்குச் செய்தி எதுவும் இல்லாமையால் நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களுடன் அதில் வரைந்து அனுப்பினார். பீற்றர் பிறந்த கதை இதுவே. அச்சிறுவன் அக்கடிதத்தைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தான். அவன் அதனை எறிந்திருப்பானாயின் இன்று அந்நூல் நம் கையில் இருந்திருக்குமோ என்பது ஐயமே. பழைய தாள் ஒன்றை வைத்திருப்பது வீண் என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று.

அக்கடிதத்தை இரவலாகப் பெற்று நூலாக விரித்தெழுதிப் பதிப்பாளர் பலருக்கு அவர் அனுப்பினார். யாவரும் மறுத்தனர். மனந்தளராத அம்மையார் 1901 ஆம் ஆண்டு திசெம்பரில் தம் சொந்தப் பணத்தில் 250 படிகளை அச்சிட்டார். முன்னர் மறுத்த வோண் பதிப்பகமே பின்னர் உடன்பட்டு 1902 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வண்ணப் படங்களுடன் அந்நூலை வெளியிட்டது. சிறுவர் கையில் அடங்கும் சிறு நூலாகவும், குறைந்த விலையிலும் அது அமைதல் வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். அடுத்த ஆண்டிலே தம் கையால் பீற்றரின் உருவில் ஒரு பொம்மை தைத்து அதற்கு உரிமைப் பதிவும் பெற்றார். பின்னர் விளையாட்டுப் பலகை, சுவர்த்தாள் எனப் பல பொருள்கள் வெளிவந்தன. கதை மாந்தரின் உருவை நினைவுப் பொருளாக்கி வருவாய் ஈட்டுவதில் உலகிற்கு அவர் முன்னோடியாக விளங்கினார் எனலாம்.

அதே 1902 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஏரி மாவட்டத்தில் வேறொரு நிகழ்வும் நடந்தேறியது. டேர்வென்ற் ஏரிக்கரையில் பிரான்டல்ஹவ் என்னும் 108 ஏக்கர் காடு விற்பனைக்கு வந்தபோது, அதனை வாங்குவதற்கு 6,500 பவுண்கள் தேவைப்பட்டன. ரோன்ஸ்லியும் நண்பர்களும் மக்களிடம் கையேந்தினர். செல்வர் மட்டுமன்றித் தொழிற்சாலைகளிற் கூலிக்கு உழைத்தோரும் சில்லிங்குகளாக அனுப்பினர். சில மாதங்களிலேயே தொகை நிறைந்தது. அக்காடு பொதுமக்களின் சொத்தாயிற்று. சிறு தொகைகள் ஒன்றுசேர்ந்தால் மலையையும் வாங்கலாம் என்பதை அந்நாட்டு மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

1905 ஆம் ஆண்டு பியற்றிக்ஸ் அம்மையாரின் வாழ்வில் இன்பமும் துன்பமும் ஒருங்கே வந்தன. பதிப்பகத்தைச் சேர்ந்த நோர்மன் வோண் அவரை மணக்க விரும்பினார். அம்மையாரும் இசைந்தார். வணிகக் குடும்பத்தில் மணம் செய்வது தம் தகுதிக்குக் குறைவு எனப் பெற்றோர் எதிர்த்தனர். தாமும் பருத்தி வணிகத்தால் உயர்ந்தவர்களே என்பதை அவர்கள் மறந்தனர் போலும். ஆனால் மணவாக்குத் தந்து ஒரு மாதம் ஆகுமுன்னரே நோர்மன் நோயுற்று இறந்தார். ஆறாத் துயரில் ஆழ்ந்த அம்மையார், நூல்களால் வந்த வருவாயையும் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தையும் கொண்டு, நியர் சோரி என்னும் சிற்றூரில் ஹில் ரொப் என்ற 34 ஏக்கர்ப் பண்ணையை அவ்வாண்டிலேயே வாங்கினார். அங்கு வாழ்ந்த பண்ணைக் குடும்பத்தை அவர் வெளியேற்றவில்லை. அவர்களுக்கென வீட்டின் ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டிக் கொடுத்து, அவர்களிடமிருந்தே பன்றியும் ஆடும் வளர்க்கக் கற்றுக்கொண்டார். அவ்வீட்டின் படிக்கட்டும் அடுப்பும் தோட்டமும் ஊர்த் தெருவும் அவருடைய அடுத்தடுத்த நூல்களில் படங்களாயின. நூல்கள் பணத்தைத் தந்தன. பணம் நிலத்தைத் தந்தது. நிலம் மீண்டும் நூல்களைத் தந்தது.

1909 ஆம் ஆண்டில் அயலில் உள்ள மற்றொரு பண்ணையை வாங்கியபோது, ஹோக்ஸ்ஹெட் ஊரின் சட்டத்தரணி வில்லியம் ஹீலிஸ் அவருக்கு உதவினார். 1913 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவரையே அம்மையார் மணந்தார். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தேழு. அதன் பின் ஊரவர்க்கு அவர் திருமதி ஹீலிஸ் ஆனார். உள்ளூர் ஆட்டு மயிரால் நெய்த முரட்டுத் துணியும் மரக்காலணியும் அணிந்து சந்தையில் நின்ற அவரை, உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் என்று வெளியார் எளிதில் அறிந்திருக்க மாட்டார். பண்ணைகள் ஏலத்துக்கு வரும்போதெல்லாம், முன்னோரின் பெயரும் ஆண்டும் செதுக்கிய கருவாலி மரப் பேழைகளைத் தேடி வாங்கினார். அவை நகரத்து வணிகர் கையிற் சிக்கி ஊரை விட்டுப் போகலாகாது என்பது அவர் எண்ணம். ஒரு பெட்டி தான் பிறந்த வீட்டில் இருக்கும்போதுதான் அவ்வீட்டின் வரலாற்றைச் சொல்லும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

நினைவுப் பொருளால் நிலம் காத்த நிகழ்வுக்கு இனி வருவோம். வின்டமியர் ஏரிக்கரையில் கொக்ஷொட் முனை என்றோர் இடம் உண்டு. 1912 ஆம் ஆண்டளவில் அங்கு நீர்விமானத் தொழிற்சாலை ஒன்றை அமைக்கும் முயற்சி எழுந்தது. ஏரியின் அமைதியும் படகோட்டிகளின் பாதுகாப்பும் கெடும் என அஞ்சிய அம்மையார், இதழ்களுக்குக் கடிதம் எழுதியும் பலரிடம் கையொப்பம் திரட்டியும் போராடினார். அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் பதினைந்து ஆண்டுகளின் பின், 1927 இல், அதே கரையில் கட்டடங்கள் எழும் அபாயம் மீண்டும் தோன்றியது. இம்முறை கடிதமும் கையொப்பமும் போதா. நிலத்தை விலை கொடுத்து வாங்கினாலன்றிக் காக்க இயலாது என்ற நிலை. அறக்கட்டளைக்காகப் பணம் திரட்டத் தொடங்கினர்.

அறுபத்தொரு வயதான அம்மையார் அப்போது செய்ததை எம் பிள்ளைகள் கவனித்தல் வேண்டும். அவர் பீற்றர் நூலின் படங்களை மீண்டும் தம் கையால் வரைந்து, ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டு, ஐம்பது படங்களை அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு அனுப்பினார். அங்கு சிறுவர் நூல்களுக்கென வெளிவந்த ஹோர்ன் புக் என்ற இதழ் அவற்றை விற்றுக் கொடுத்தது. பீற்றர் கதையைப் படித்து வளர்ந்த அமெரிக்கச் சிறுவர்களின் வீடுகளுக்கு அப்படங்கள் சென்றன. அப்பணம் ஏரிக்கரையைக் காக்கும் நிதியிற் சேர்ந்தது. கொக்ஷொட் முனை அறக்கட்டளையின் உடைமையாயிற்று. இன்றும் அக்கரையில் எவரும் உலாவலாம்.

அம்மையார் தனியே முழுத் தொகையையும் கொடுத்திருக்கக் கூடாதோ என்று சிலர் கேட்கக்கூடும். அவர் வறியவர் அல்லர். எனினும், நினைவுப் பொருள் ஒன்று இரு வேலைகளைச் செய்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது பணத்தைச் சேர்க்கின்றது. அதனை வாங்கியவரையும் அவ்விடத்தோடு பிணைக்கின்றது. கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு சிறுமி, தான் ஒருபோதும் கண்டிராத ஏரியின் கரையில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று, தன் சுவரில் தொங்கும் முயலின் படத்தைக் காணுந்தோறும் எண்ணலாம் அன்றோ? செல்வர் ஒருவர் கொடுத்தால் ஓரிடம் காக்கப்படும். பலர் சேர்ந்து கொடுத்தால் அவ்விடத்தைக் காப்பதற்கு ஒரு சமூகமும் உருவாகும்.

தேவை பெரிதானவிடத்து அம்மையார் தம் செல்வத்தையும் தயங்காது வழங்கினார். 1923 ஆம் ஆண்டில் ட்ரவுட்பெக் பார்க் என்னும் பெரும் பண்ணையை வாங்கினார். அங்கு ஹேர்ட்விக் என்னும் உள்ளூர்ச் செம்மறி இனத்தை வளர்த்தார். இவ்வாடுகளின் இயல்பு வியப்புக்குரியது. மலைமீது வேலி இல்லை. எனினும் ஒவ்வொரு மந்தையும் தன் மேய்ச்சல் எல்லையை அறியும். குட்டி தன் தாயின் பின்னே நடந்து அவ்வெல்லையைக் கற்றுக்கொள்கின்றது. பின்னர் தன் குட்டிக்குக் கற்பிக்கின்றது. மந்தையை ஒருமுறை விற்றுக் கலைத்து விட்டால் அவ்வறிவு அறுந்து போகும். வேறு ஆடுகளை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினும் அதனை எளிதில் மீட்க முடியாது. ஆகவேதான் நிலத்தை மட்டும் காப்பது போதாது, அந்நிலத்துக்குரிய ஆட்டையும் இடையரையும் உழைப்பு முறையையும் சேர்த்துக் காத்தல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

1930 ஆம் ஆண்டளவில் மொங்க் கொனிஸ்ரன் என்ற 4,000 ஏக்கர்ப் பெருநிலம் துண்டு துண்டாக விற்கப்படும் நிலை ஏற்பட்டது. அறக்கட்டளையிடம் உடனடியாகப் பணம் இல்லை. அம்மையார் 15,000 பவுண்கள் கொடுத்து முழுவதையும் வாங்கினார். பின்னர் அறக்கட்டளை நன்கொடை திரட்டியபோது, பாதி நிலத்தைத் தாம் வாங்கிய விலைக்கே இலாபமின்றிக் கொடுத்தார். மீதிப் பாதியைத் தம் மறைவுக்குப் பின் அவர்களுக்கே சேருமாறு ஒதுக்கினார். சில ஆண்டுகள் அறக்கட்டளையின் பகுதியையும் தாமே மேற்பார்வை செய்தார். கூரை ஒழுகினால் ஓடு எங்கே வாங்குவது, எந்த மரத்தை வெட்டலாம், எதனை வெட்டலாகாது என்பவற்றையெல்லாம் நேரில் நின்று தீர்மானித்தார். பேரம் பேசுவதிற் கண்டிப்பானவர். வீண் செலவைப் பொறாதவர். அக்கண்டிப்பே அவர் செய்த அறத்துக்கு முதுகெலும்பாயிற்று.

ஊர் மக்களின் நலத்தையும் அவர் மறந்தாரல்லர். முதலாம் உலகப் போர் முடிந்தபின் அயற் கிராமங்களுக்கு ஒரு மருத்துவத் தாதியை அமர்த்தும் முயற்சிக்குத் துணை நின்றார். தம் நிலத்திற் பெண் சாரணியர் கூடாரமடிக்க இடங்கொடுத்தார். நோயுற்ற ஏழைச் சிறுவர்க்கு உதவும் சங்கம் ஒன்றுக்காக 1920 களின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் நத்தார் வாழ்த்து அட்டைகளுக்குப் படம் வரைந்து கொடுத்தார். அவ்வட்டைகளை விற்ற பணம் அச்சிறுவர்களைச் சென்றடைந்தது. இங்கும் முயலே உழைத்தது.

1943 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 22 ஆம் நாள், தம் எழுபத்தேழாவது வயதில் அம்மையார் நியர் சோரியில் இயற்கை எய்தினார். ஹேர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் அவரைத் தன் அடுத்த தலைவராகத் தெரிவு செய்திருந்தது. பதவி ஏற்குமுன் அவர் மறைந்தார். அவருடைய சாம்பலை நீண்டகால இடையர் ஒருவர் எடுத்துச் சென்று மலையில் தூவினார். அவ்விடம் எவருக்கும் சொல்லப்படலாகாது என்பது அம்மையாரின் விருப்பம். 4,000 க்கு மேற்பட்ட ஏக்கர் நிலமும் 14 பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும் அறக்கட்டளைக்கு உரியனவாயின. மலைப் பண்ணைகளில் ஹேர்ட்விக் ஆடுகளையே தொடர்ந்து வளர்த்தல் வேண்டும் என அவர் எழுதி வைத்திருந்தார். ஹில் ரொப் வீடு, அவர் விட்டுச் சென்றவாறே பேணப்பட்டு, 1946 ஆம் ஆண்டு முதல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் ஏரி மாவட்டம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அப்பெருமைக்கு அம்மையாரைப் போன்றோரின் முன்னுணர்வும் ஒரு காரணமாகும்.

அன்புள்ள மாணவர்களே, இவ்வரலாற்றை ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரில் நாம் ஏன் எழுதுகின்றோம்? நாமும் எம் பெற்றோரும் பிறந்த ஊர்களிலிருந்து தொலைவில் வாழ்கின்றோம். அவ்வூர்களுக்கும் வரலாறு உண்டு. குளமும் கோயிலும் பள்ளிக்கூடமும் வாசிகசாலையும் உண்டு. அவ்வரலாறு அழியக்கூடியது என்பதை நம்மிற் பலர் கண்ணீருடன் அறிவோம். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் சில வேறெங்கும் படி இல்லாதவை. எரியாது எஞ்சியவை யாவை? வீடுகளின் பெட்டிகளில் உறங்கும் பழைய ஒளிப்படங்களும், கடிதங்களும், திருமண அழைப்பிதழ்களும், பள்ளி மலர்களுமே. தாத்தா பாட்டியரின் நினைவும் அவற்றோடு சேரும்.

நம்மால் ஏரிக்கரையை வாங்க இயலாதிருக்கலாம். ஆனால் ஒரு பழைய படத்தை எடுத்து, அதில் நிற்போர் யாவர், எந்த ஊர், எந்த ஆண்டு எனப் பாட்டியிடம் கேட்டு அதன் பின்புறத்தில் எழுதி வைக்க இன்றைக்கே இயலும். அத்தகைய படங்களைச் சேர்த்து நாட்காட்டியாகவோ அஞ்சலட்டையாகவோ அச்சிட்டு விற்று, அப்பணத்தால் ஊரின் வரலாற்றை ஒரு சிறு நூலாகத் தொகுக்கவும், ஊர் வாசிகசாலைக்கு ஓர் அலுமாரி வாங்கவும் இயலும். வாங்குவோர் சிலரே ஆயினும் குறையில்லை. அம்மையார் அனுப்பிய படங்களும் ஐம்பதுதாம். நீங்கள் கையில் ஏந்தியுள்ள இம்மலரும் அவ்வகையினதே. கடைக்காரர் அளித்த விளம்பரமும், பெற்றோர் கொடுத்த நன்கொடையும், நீங்கள் எழுதிய கட்டுரையும் சேர்ந்தே இது உருவாயிற்று. விழா முடிந்ததும் இதனை மறந்து விடாதீர்கள். உங்கள் பெயரை எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

மலைமீது வேலியில்லாத வெளியில், தாயின் பின்னே நடந்து தன் எல்லையை அறியும் ஆட்டுக்குட்டியை நாம் கண்டோம். சனிக்கிழமை காலையில், உறக்கம் கலையாத கண்களுடன், பெற்றோரின் கைபிடித்து எம் பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அவ்வாறே தன் மொழியின் எல்லையைக் கற்றுக்கொள்கின்றது. அத்தொடர் அறுந்து போகாது காப்பது பெற்றோராகிய நம் கடமை. அதனை அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது, மாணவர்களே, உங்கள் கடமை.